ஃப்ராக்கு அண்ணனின் போலந்து

விருத்தாசலத்தில் போலந்துக்காகச் சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் எதிர் போர்ஷன் ஃப்ராக்கு அண்ணன்தான். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். வேறு யாராவது போட்டிருக்கலாம், ஊர் பெரியது. ஆனால் போலந்து, ஸ்வீடன், நார்வே மூன்றுக்கும் சேர்த்துச் சண்டை போட்டவர் என்றால் நிச்சயமாக அவர் ஒருவர்தான்.

நாங்கள் அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது என் மகள் யாழினிக்கு ஒன்றே முக்கால் வயது. பால் காய்ச்சிய அன்றே கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா வந்து அக்கம்பக்கத்து விவரம் எல்லாம் சொன்னார்.

"எதுத்த போர்ஷன்ல ஒரு தம்பி இருக்குது. செராமிக் கம்பெனில வேல. நல்ல மாதிரி. கல்யாணம்தான் ஆவல. ஃப்ராக்குன்னா அதுக்கு உசுரு."

"ஃப்ராக்கா?"

"ஆமா. எந்நேரமும் அதே நெனப்பு. அதுவும் நம்ம ஊருது ஆவாது. வெளிநாட்டு ஃப்ராக்குதான் வேணும்."

நாற்பது வயது, தனி ஆள், ஃப்ராக் என்றால் உயிர். பெண் குழந்தை வைத்திருக்கும் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்குவாள்? அன்றிலிருந்து அவர் வேலையிலிருந்து திரும்புவதற்குள் கொடியில் காயும் யாழினியின் ஃப்ராக்குகளை ஈரமோ காய்ந்ததோ எடுத்து உள்ளே போட்டுவிடுவேன். அவள் ஒரு மாதம் ஈர ஃப்ராக்கோடு திரிந்து சளி பிடித்ததற்குக் காரணம் நான்தான். இதை இதுவரை என் கணவரிடம் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஒருநாள் மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர். கையில் யாழினியின் மஞ்சள் ஃப்ராக்.

"காத்துல பறந்து வந்து எங்க வாசல்ல கெடந்துச்சும்மா" என்று நீட்டினார்.

வெடுக்கென்று பிடுங்கிக் கதவைச் சாத்தினேன். கணவர் வந்ததும், "நீங்க இப்பவே போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினேன். போனவர் இரண்டு மணி நேரம் கழித்து, பேயறைந்த மாதிரி திரும்பி வந்தார்.

"அது ஃப்ராக் இல்ல. ப்ராக். ப்ராக்ரஸிவ் ராக்னு ஒரு பாட்டு வகையாம். அதைச் சுருக்கி ப்ராக்னு சொல்றாரு."

"ரெண்டு மணி நேரமா பாட்டா கேட்டீங்க? எத்தனை பாட்டு?"

"ஒண்ணு."

"புடிக்கலையா?"

"புடிச்சுதா இல்லையான்னு தெரியறதுக்குப் பாட்டு முடியணும்ல? பாதிலதான் எழுந்து வரேன்."

இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பின்னாளில் நானே கணக்குப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு பாட்டைப் போடும்போது நான் அரிசி களைந்தால், அது முடிவதற்குள் சோறு, குழம்பு, ஒரு பொரியல் மூன்றும் தயாராகியிருக்கும். நடுவில் பாட்டு நின்றுவிட்டதோ என்று நினைப்போம். அது நிற்காது, மூச்சு வாங்கும்.

விஷயம் தெளிவான பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. தெருவுக்கே அவர் ஃப்ராக்கு அண்ணன். தீபாவளிக்கு முன்னால் மூன்றாம் வீட்டு அக்கா அவரை வழியில் நிறுத்தி, "ஏம்பா, உன்னாண்ட வெளிநாட்டு ஃப்ராக்கு இருக்குதாமே, மூணு வயசுக்கு ரெண்டு குடேன்" என்று கேட்டிருக்கிறார்.

"மூணு வயசுக்குச் சிரமம்க்கா. ஒரு பதினாலு பதினஞ்சு வயசாவது ஆவணும். பொறுமை வேணும்ல?" என்றாராம் இவர்.

அந்த அக்கா அதற்குப் பிறகு அவரிடம் பேசவே இல்லை.

அவருடைய வேலை, கேட்பது. மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான்கள் சூளையிலிருந்து வந்ததும், ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல், கழித்துவிட வேண்டியது. இருபது வருடமாக அதே வேலை. முதலாளியின் மகன் ஒருமுறை, "அண்ணே, இது ஒண்ணு மட்டும் விட்டுடுங்க, அவசர ஆர்டர்" என்று கெஞ்சியபோதும், "டொக்குன்னா டொக்குதான் தம்பி" என்று சொன்னவர்.

அந்தக் காதோடு வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டார். வீட்டுக்கார அம்மா வாங்கிய புதுப் பூந்தொட்டியைத் தட்டி, "விரிசல் இருக்குதும்மா, மாத்திடுங்க" என்பார். எங்கள் வீட்டுச் சமையலறை டைல்ஸைத் தட்டி, "இது நாலும் பிடிமானம் இல்லாம இருக்குது" என்பார். அடுத்த மாதமே நாலும் பெயர்ந்து வரும்.

நாடுகளையும் அப்படித்தான் தட்டிப் பார்த்துவைத்திருந்தார். கம்பெனியில் கழித்த டீக் கப்புகள் பன்னிரண்டு. பூச்சு கொஞ்சம் வழிந்தது, கைப்பிடி கோணலானது, இப்படி. பார்க்கத்தான் கோணல், தட்டினால் அத்தனையும் 'ணங்'. ஒவ்வொன்றிலும் நீலத்தில் ஒரு நாட்டின் பெயரை எழுதி, அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார். இன்றைய தேதியில் ப்ராக் இசையில் எந்த நாடு முந்தி நிற்கிறது என்பதற்கான பட்டியல் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் திருத்தம் நடக்கும்.

"ஸ்வீடன்காரன் சூடு ஏத்துறதே தெரியாது தம்பி. மெதுவா, மெதுவா. திடீர்னு பாத்தா மொத்த சூளையும் செவந்து நிக்கும். அதான் ஃபர்ஸ்ட்டு" என்று என் கணவருக்கு விளக்குவார். "நார்வே, மழ வர்றதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த மாதிரி. இத்தாலி நாடகக்காரன், கொஞ்சம் ஓவரா நடிப்பான், ஆனா மனசு நல்ல மனசு. அமெரிக்காக்காரனுக்கு வெரல் வேகம். மூச்சு வுடாம பேசுற விருந்தாளி கணக்கா. இங்கிலாந்துதான் இதையெல்லாம் கண்டுபிடிச்சது. இப்ப பென்ஷன் வாங்குற ஹெட்மாஸ்டர். எழுந்து நின்னு வணக்கம் சொல்லலாம், ஆனா ஃபர்ஸ்ட் ரேங்க் குடுக்க முடியாது."

"தாளமே புரியலண்ணே. எங்க தட்டுறதுன்னு தெரியல."

"தகிட தகதிமின்னு எண்ணு. ஏழு. நம்ம கச்சேரில கேக்குற மிஸ்ர சாபுதான். அவன் ஊர்ல அதுக்குப் பேரு வேற."

யாராவது வந்தால் அந்தக் கப்புகளில்தான் டீ. எந்த நாட்டில் டீ தருகிறார் என்பதை வைத்து அவர் மனதில் நம் இடம் தெரிந்துவிடும். என் கணவருக்கு முதலில் எட்டாம் இடத்து ஜப்பான். ஆறு மாதத்தில் நார்வேக்கு உயர்ந்தார். அன்று இரவு சாப்பிடும்போது அதை மூன்று முறை சொன்னார். ஆபீஸில் பிரமோஷன் வந்தபோது ஒருமுறைதான் சொன்னார்.

பன்னிரண்டுக்கும் அப்பால், ஒரு ஓரத்தில், சுடாத பச்சை மண் கப் ஒன்று இருக்கும். வீட்டுக்கார அம்மா ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது எந்த நாடுப்பா?"

"இந்தியாம்மா. ஒண்ணு ரெண்டு பசங்க நல்லா வாசிக்கிறானுங்க. இன்னும் சூளைக்குப் போவல."

"ஏம்பா, சொந்த நாட்ட ஓரத்துல வெச்சிருக்கிற? ஊத்து, எனக்கு அதுல ஊத்து டீய!"

"கரைஞ்சிடும்மா."

"கரைஞ்சா கரையட்டும்!"

கடைசியில் அவருக்கு இத்தாலியில் ஊற்றிச் சமாதானம் செய்தார்கள்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் எனக்கு மட்டும் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. யாழினிக்கு இரண்டே கால் வயதாகியும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள், அவ்வளவுதான். யாழ் என்று பெயர் வைத்ததுதான் தப்போ என்றுகூட நினைத்தேன். திட்டக்குடியிலிருந்து என் மாமியார் தினமும் போன் செய்து, "உன் புருஷனும் மூணு வயசுலதான் பேசுனான், வுடு" என்பார். வைப்பதற்கு முன், "இன்னிக்காவது எதுனா சொல்லிச்சா?" என்பார். நான் அவளிடம் அதிகமாகப் பேசினேனா, குறைவாகப் பேசினேனா, செல்போனைக் கொடுத்துச் சோறூட்டிய அந்த இரண்டு மாதம்தான் காரணமா என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போடுவேன்.

ஒருநாள் ஃப்ராக்கு அண்ணன் எங்கள் புதுத் தண்ணீர்ப் பானையைத் தட்டி, "நல்லா இருக்குது" என்றபோது சட்டென்று ஒன்று தோன்றியது. இந்த மனிதர் என் பெண்ணையும் இப்படி ஒரு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, நல்லா இருக்குது என்று சொல்லிவிட மாட்டாரா? பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இவளுக்குக் காது கேக்குதான்னு உங்களுக்கு எதாவது தெரியுதா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் கப்பு தட்டுறப்ப திரும்பிப் பாக்குதும்மா. கேக்குதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா என் காது பீங்கானுக்குத்தான் படிச்சிருக்குது. நீங்க டாக்டராண்ட காட்டிட்டு வாங்க. கூட வரணும்னா வரேன்."

பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதித்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, போனை மட்டும் நிறுத்துங்கள், நிறையப் பேர் பேசும் இடத்தில் விடுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதம் என்றதை நான் பயத்தோடு பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நிறையப் பேர் பேசும் இடம் என்றால் அது எதிர் போர்ஷன்தான். ஞாயிறு தோறும் யாழினியை அங்கே உட்கார வைத்தேன். அவர் ஒவ்வொரு கப்பாக எடுத்து, பெயரைச் சொல்லி, கரண்டியால் ஒரு தட்டு தட்டி வைப்பார். "ஸ்வீடன்." ணங். "நார்வே." ணங். "போலந்து." ணங். அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வீட்டில் மயில், குயில் படம் காட்டியபோதும், நூறு தடவை, "அம்மா சொல்லு" என்றபோதும் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிறு காலை போலந்தால் சண்டை வந்தது. அது எப்போதும் மூன்றாம் இடத்தில் இருக்கும். நார்வேக்கு உயர்ந்த திமிரில் என் கணவர் ஆரம்பித்தார்.

"போலந்துல அப்படி என்னண்ணே இருக்குது? எப்பப் பாரு அழுதுகிட்டே கெடக்கிறானுங்க."

"அழுவுறதுலயும் ஒரு அளவு இருக்குது தம்பி. அவன் கண்ணுல தண்ணி நிக்கும், கீழ வுழாது. அதான் போலந்து." பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா இந்த வருஷம் வந்ததெல்லாம் கேட்டுட்டேன். சரியா வேவல. மனசில்லாமதான் எறக்குறேன். அஞ்சாவது."

அஞ்சாவது என்றால் கீழ்த்தட்டு. கீழ்த்தட்டு என்றால் யாழினியின் கைக்கு எட்டும் உயரம். எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். போட்டுவிட்டாள்.

கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா, "என்னாது அங்க ஒடைஞ்சுது?" என்று குரல் கொடுத்தார்.

நான் முதலில் கண்ணாடி மாதிரி சிதறிய சில்லுகளைப் பார்த்தேன், பிறகு அவளுடைய வெறுங்கால்களை. அள்ளித் தூக்கிக்கொண்டேன். "ஸாரிண்ணே, ஸாரிண்ணே, கவனிக்காம விட்டுட்டேன்" என்று பதறிக்கொண்டிருக்கும்போது, என் தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்து, என் மகள் தெளிவாகச் சொன்னாள்.

"போலந்து."

கீழேயிருந்து மறுபடியும், "ஏம்பா, என்னாது ஒடைஞ்சுது?"

"போலந்தும்மா! போலந்து!" என்று என் கணவர் படிக்கட்டு அதிரக் கத்திக்கொண்டே ஓடினார்.

நான் அழுதேன். சந்தோஷம்தான். கூடவே, இத்தனை நாள் காத்திருந்த முதல் வார்த்தை அம்மா இல்லையே என்றும் கொஞ்சம் அழுதேன். போன் போட்டுச் சொன்னபோது மாமியார், "போ-ன்னு ஆரம்பிக்குதே, யாரப் போவச் சொல்லுது?" என்று கேட்டது வேறு இரண்டு நாள் மனதைக் குடைந்தது. அம்மா பதினோராம் நாள் வந்தது. நடுவில் நார்வே, ஜப்பான் இரண்டும் வந்துவிட்டன. இப்போது ஸ்கூலில் வாயை மூடு என்று மிஸ் தினமும் டைரியில் எழுதி அனுப்புகிறார். அதற்கும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஃப்ராக்கு அண்ணன் போன வருடம் குஜராத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை மாறிப் போய்விட்டார். பன்னிரண்டு கப்புகளையும் துணியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு போனார். இந்தியாவை மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்து, "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்றார். அதை அவர் பூஜையறையில் வைத்திருக்கிறார்.

நான் அவரை நினைக்கும்போது வருவது போலந்து உடைந்ததற்கு அடுத்த ஞாயிறுதான். அலமாரியில் முதலிடத்தில், ஸ்வீடனுக்கும் மேலே, ஒட்டிவைத்த போலந்து நின்றது. எத்தனை துண்டுகளோ, கோடு கோடாகப் பசை தெரிந்தது.

"என்னண்ணே, அஞ்சாவதுன்னீங்க? அதுவும் ஒடைஞ்சது எப்படி ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டார் என் கணவர். "சரி, தட்டிப் பாருங்க, தட்டிப் பாருங்க."

அண்ணன் கரண்டியை எடுத்தார். யாழினி அவர் காலடியில் அண்ணாந்து பார்த்து நின்றாள். தட்டினார்.

டொக்.

எனக்குக் கேட்டது. என் கணவருக்குக் கேட்டது. கீழே வீட்டுக்கார அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும். அண்ணன் மட்டும் காதைக் கப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் இருந்தார். பிறகு குனிந்து யாழினியிடம் சொன்னார்.

"நல்லா இருக்குது பாப்பா."

இருபது வருடத்தில் ஒரு விரிசலைக்கூடத் தவறவிடாத காது அது. அன்று மட்டும் அதற்குக் கேட்கவில்லை.