அஞ்சாவது ஆப்ஷன் டீச்சர்

திருச்சி மாவட்டத்திலேயே நான்கு விடைகளுக்குள் அடங்காத ஒரே மனுஷி, அரியமங்கலம் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த அஞ்சாவது ஆப்ஷன் டீச்சர்தான். இரண்டாம் வகுப்புக்குப் பல வருடம் பாடம் எடுத்தவர். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாவிட்டால் வேலை இல்லை என்று அவருக்குக் கடைசிக் கெடு வந்திருந்தது.

நான் முதல் தடவையிலேயே தேறியவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். குழந்தை உளவியலில் முப்பதுக்கு இருபத்தெட்டு. அந்தத் திமிரோடு வகுப்புக்குள் போன முதல் நாளே ஒரு குட்டிப் பெண் என் கையைக் கடித்துவிட்டாள். நான் படித்த புத்தகத்தில் கடிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பக்கத்து வகுப்பிலிருந்து வந்த டீச்சர் என் கையைப் பார்க்கவே இல்லை. "காலைல சாப்பிட்டிருக்காதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தக் குட்டிப் பெண்ணிடம் ஒரு முறுக்கைக் கொடுத்தார். கடி நின்றது.

இருவருமே ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். தினமும் பஸ்ஸில் அவருக்குக் கேள்வி வாசிப்பேன். மாணவன் மூன்று நாளாக வரவில்லை, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? கடிதம், புகார், அறிவுரை, தண்டனை என்று நான்கு விடைகள்.

"நாலும் தப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்."

"அது ஆப்ஷன்ல இல்லைங்க டீச்சர்."

"அப்ப அவங்கதான் சேக்கணும்."

வீட்டுக்குப் போனால் டீ கிடைக்குமா என்று கண்டக்டர் கேட்டார். சில வீட்டில் தண்ணீர்கூட இருக்காது என்றார் டீச்சர். கண்டக்டர் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

தேர்விலும் அதே கேள்வி வந்தது. டீச்சர் விடைத்தாளில் நான்கு வட்டங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றை வரைந்து, கறுப்பு மையால் நிரப்பி, "வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்" என்றும் எழுதிவிட்டு வந்தார். விடைத்தாளில் கண்டதை எழுதினால் செல்லாது. மொத்தத் தாளும் போயிற்று.

"அந்த ஒரு கேள்விய விட்டுட்டு வந்திருக்கலாமே டீச்சர்?"

"புள்ள மூணு நாளா வரலைன்னு போட்டிருக்கும்மா. எப்படி விட்டுட்டு வர்றது?"

வேலை போனது. அவருடைய வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அவர் இப்போது பாலக்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறார். அடுத்த தேர்வுக்கு அவருக்கு நான்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அன்றைக்குத் தேர்வு மையத்தின் வாசலில் நிற்பேன். வெளியே வந்ததும் எப்படி எழுதினீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டேன்.