நாற்பது பேரில் ஒரு பிழை

மனித மனத்தை அளப்பது கடலை அளப்பதைவிடக் கடினம். எங்கள் பேராசிரியர் அதை முப்பத்திரண்டு கேள்விகளில் முடித்துவிட்டார். எடையைக் குறைக்க முயல்பவரின் மனம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் மகத்தான கேள்வித்தாள் அது. துறை அலுவலகத்தில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் தட்டச்சர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். அதனால் சோதனைக்கான நாற்பது பேரில் அவருக்கும் இடம் கிடைத்தது.

விதி எளிமையானது. இன்று பதில் எழுத வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கேள்வித்தாள் ‘நம்பகமானது’.

அக்கா செய்த குற்றம் ஒன்றுதான். எழுதிக் கொடுத்துவிட்டு மறக்க வேண்டிய கேள்விகளை யோசித்துப் பார்த்துவிட்டார். ‘பசிக்காதபோதும் சாப்பிடுகிறீர்களா?’ என்பது பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்து தொலைத்தது. டப்பாவை மூடினார். லிஃப்டை விட்டுப் படியேறினார். இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ போயிற்று, முழங்கால் வலியும் பாதி போயிற்று. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் எழுதிய இரண்டாவது தாளைப் பார்த்த பேராசிரியர்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, இருபத்தொம்பது பதில் மாறியிருக்கே! என்ன பண்ணீங்க?”

“மாறிட்டேன் சார்!”

“யாரைக் கேட்டு மாறினீங்க?”

“உங்க கேள்வியைப் படிச்சுத்தான் சார்.”

“அது பதில் எழுதறதுக்கும்மா, படிக்கறதுக்கில்ல. மத்த முப்பத்தொம்பது பேரும் அப்படியே இருக்காங்க, எவ்வளவு பொறுப்பு! பழைய பதிலையே எழுதிக் குடுத்துடுங்க.”

அக்கா பேனாவை எடுத்தார். ‘உங்களால் மாற முடியுமா?’ என்ற கேள்விக்கு அன்று ‘முடியவே முடியாது’ என்று எழுதியிருந்தார். இப்போது கை வரவில்லை.

“முடியும்னு தெரிஞ்சப்புறம் முடியாதுன்னு எப்படி சார் எழுதறது? என்னையும் கணக்குல சேத்துக்குங்க சார்.”

சேர்த்துக்கொண்டார்கள், ‘நீக்கப்பட்ட பிழை: ஒன்று’ என்ற வரியில். அதையும் அக்காதான் தட்டச்சு செய்தார்.

திங்கட்கிழமை தரச்சான்றுக் குழு கூடியது. குறிப்பெடுக்க அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட இம்மியும் மாறாத அந்த அட்டவணையைப் பார்த்துக் குழு மெய்சிலிர்த்தது. மாற்றத்தை அளக்க இதைவிட உறுதியான கருவி கிடையாது என்று முத்திரை குத்தும் வேளையில், தலைவருக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

“இதனால யாராவது இளைச்சாங்களா?”

“ஒரே ஒருத்தர் சார்,” என்றார் பேராசிரியர், நெஞ்சை நிமிர்த்தி. “உடனே நீக்கிட்டோம்.”