நூறு கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு

குப்பைக் கூடையிலிருந்து எடுத்த ஐஸ்கிரீம் உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அன்புச்செல்வி. உறையின் ஓரத்தில் சாக்லேட் இன்னும் காயவில்லை.

"இத யாருங்க சாப்ட்டது?"

வீட்டில் இருந்ததே மூன்று பேர். கேட்டவள் ஒருத்தி. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் அப்பா சின்னசாமி இன்னொருவர். மிச்சம் அவள் கணவன் மாறன்தான்.

"நான்தான்" என்றான் மாறன்.

கட்டிலில் கிழவரின் முதுகு லேசாக அசைந்து அடங்கியது.

"போன வருஷம் டாக்டர் இன்னா சொன்னாரு? கொலஸ்ட்ரால் இருநூத்தி நாப்பத்தெட்டு. மறந்துட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான் செல்வி."

அவள் உறையை விளக்குக்கு நேராகப் பிடித்து, தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தாள். "சர்க்கரை இருபத்தி நாலு. மொத்தக் கொழுப்பு இருபத்தி மூணு. அதுல கெட்ட கொழுப்பு மட்டும் பதினேழு!"

அன்று முதல் மாறனுக்கு இரவில் தோசை நின்றது. கேழ்வரகுக் கஞ்சி வந்தது.

உண்மையில் மாறன் அந்த ஐஸ்கிரீமை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை.

சின்னசாமி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிட்டவர். இரண்டு மாதத்துக்கு முன் அவர் மனைவி தங்கம்மாள் இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் அன்புச்செல்வி அப்பாவைத் தன்னோடு திருவண்ணாமலைக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்தவர் சாப்பிடவில்லை. இரண்டு வாய் வைப்பார், தட்டை நகர்த்திவிடுவார். அவர் தூங்கிய பிறகு அன்புச்செல்வி அந்தத் தட்டை வைத்துக்கொண்டு அடுக்களையில் அழுவாள். மாறன்தான் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். எடை நாற்பத்தோரு கிலோ.

"சுகர் இல்ல, கொலஸ்ட்ரால் இல்ல, ஒரு வியாதியும் இல்ல. சாப்பாடு உள்ள போகல, அவ்ளோதான். எது எறங்குதோ அதக் குடுங்க. இப்படியே போனா தாங்காது" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, தனக்குப் பழக்கமான திரௌபதியின் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினான். மனக்கலக்கத்தில் தனக்காகத்தான் ஒரு சாக்லேட் ஐஸ்கிரீம் வாங்கினான். மாமனார் அதைப் பார்த்த பார்வையில் கை நின்றுவிட்டது. நீட்டினான். அவர் வாங்கி, குச்சி வெளுக்கும்வரை சாப்பிட்டார். நாற்பது நாளில் அவர் மிச்சம் வைக்காமல் முடித்த முதல் சாப்பாடு அது.

"செல்விகிட்ட சொல்ல வாணாம் மாப்ள" என்றார்.

"ஏன் மாமா? சந்தோஷப்படுவா."

"மாட்டா. நான் சமைச்சத தொடல, கடையில விக்கறத திங்கறாருன்னு நெனைப்பா. பாவம், அவ கஷ்டப்பட்டு செய்யறா."

மாறன் சத்தியம் செய்யவில்லை. ஆனால் தலையை ஆட்டிவிட்டான். அவரைப் பொறுத்தவரை அதுவே சத்தியம்.

மாறன் நில அளவைத் துறையில் சர்வேயர். அளக்காத எதையும் நம்பமாட்டான். உறையை வரிவரியாகப் படித்தான். ஆற்றல் முந்நூற்று நாற்பது கலோரி என்றிருந்தது. ஏறக்குறைய ஏழு இட்லி! ஊரே பார்த்துப் பயப்படும் அந்தக் கொழுப்புக் கணக்கை அவன் சாமி கொடுத்த வரம் மாதிரி படித்தான். தினமும் ஒன்று வாங்கி, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். அப்படித்தான் உறை மாட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் உறையைக் கவனமாக அலுவலகத்துக்கு எடுத்துப்போய் எறிந்தான். ஆனால் ஐஸ்கிரீம் மாமனாரின் வெள்ளை வேட்டியில் சொட்டிவிட்டது.

"அப்பா வேட்டியில இது இன்னாது?"

மாறன் யோசிக்காமல் சொன்னான். "நான் சாப்ட்டுட்டு கை தொடச்சேன்."

"எங்கப்பா வேட்டியிலயா?"

"பக்கத்துல வேற துணி இல்ல."

அன்புச்செல்வி கறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "நாளையிலேர்ந்து காலையில கிரிவலப் பாதையில நடங்க. வீட்லேர்ந்து எமலிங்கம் கோயில் வரைக்கும் போய், அங்க நின்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டு, நடந்தே திரும்பணும்."

மறுநாள் முதல் விடியற்காலையில், காவி கட்டியவர்களுக்கும் வெறுங்காலோடு நடக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவே, செய்யாத பாவத்துக்கு மாறன் வலம் வந்தான். எமலிங்கத்தின் முன்னால் நின்று எடுத்த படங்களில் அவன் ஒருநாளும் சிரிக்கவில்லை.

இனி வீட்டில் ஐஸ்கிரீம் ஆகாது என்று புரிந்தது. கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி, சாயங்காலம் மாமனாரைத் திரௌபதி கடைக்கே கூட்டிப்போக ஆரம்பித்தான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து உறையை மறுபடி படித்தபோதுதான் ஓர் இடி விழுந்தது. பொடி எழுத்தில் 'நூறு கிராமுக்கு' என்று போட்டிருந்தது. ஐஸ்கிரீமின் எடையோ அறுபது கிராம். அப்படியென்றால் இருநூற்றுச் சொச்சம் கலோரிதான். ஏழு இட்லி நாலாகிவிட்டது. மூன்று வாரமாக மாமனாரைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று பதறி எழுந்தான்.

"திரௌபதி அக்கா, இதவிட கொழுப்பு ஜாஸ்தியா இருக்கறது எது?"

"கம்மியா இருக்கறதா சார்? சர்க்கரை இல்லாதது ஒண்ணு வந்திருக்கு."

"கம்மி இல்ல, ஜாஸ்தி. எண்ணெயில செய்யறது வாணாம். பால் கொழுப்பா இருக்கணும். மேல சாக்லேட் தடிமனா, பாதாம் போட்டு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இங்க யாரும் அப்படிக் கேக்கறதில்ல சார்." ஆனால் நாலே நாளில் அவன் சொன்ன மாதிரியே ஒன்று பெட்டியில் வந்திருந்தது. தினம் இரண்டு என்று வைத்துக்கொண்டான்.

ஒருநாள் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது, குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னசாமி தானாகவே பேசினார்.

"செல்வி கொழம்பு அப்படியே அவங்க அம்மா கொழம்பு மாப்ள. உப்பு, புளி எல்லாம் அதே அளவு. வாயில வெச்சா அவ வந்து எதிர்ல ஒக்காந்துக்கறா. அப்புறம் எப்படி எறங்கும்?" குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்பத்தோரு வருஷத்துல அவ எனக்குச் செஞ்சு போடாதது இது ஒண்ணுதான்."

மாறன் அவர் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டான். அன்று இரவு அன்புச்செல்வி கஞ்சியில் உப்புப் போட மறந்திருந்தாள். அதையும் அப்படியே குடித்தான்.

ஐஸ்கிரீம் விழுந்த வயிறு மெல்லப் பசியைக் கற்றுக்கொண்டது. முதலில் ஒரு கரண்டி ரசம் சாதம். பிறகு ஒரு தோசை. ஒருநாள் சின்னசாமி, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா" என்றார். அன்புச்செல்வி கரண்டியோடு அடுக்களைக்குள் போனவள் சிறிது நேரம் வெளியே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். சின்னசாமி நாற்பத்தைந்து கிலோ. டாக்டர் தலையசைத்துவிட்டு, "சாரையும் எடை மெஷின்ல ஏத்துங்க" என்றார். மாறன் ஆறு கிலோ இறங்கியிருந்தான். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நூற்றுத் தொண்ணூறு.

"பாத்தீங்களா, ஐஸ்கிரீம விட்டதும் எப்படி எறங்கிச்சு!" என்றாள் அன்புச்செல்வி.

மாறன் மாமனாரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். எமலிங்கத்துக்கு நடந்த நடையெல்லாம் அவன் முழங்காலில் ஒருமுறை வலித்தது. ஒரு மனிதரைக் காப்பாற்றியாயிற்று. பழி தன்னோடு போகட்டும் என்று நினைத்தபோது கண்ணில் நீர்கூட வந்தது.

சாயங்காலம் தனியாகத் திரௌபதி கடைக்குப் போனான்.

"அக்கா, நீங்க செஞ்ச உதவிய மறக்கமாட்டேன். அந்தப் பாதாம் ஐஸ மட்டும் நிறுத்திடாதீங்க. எங்க வீட்ல யாருக்கும் தெரியவும் வாணாம்."

திரௌபதி பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் நீங்க, அந்த ஐஸ அவங்கப்பாவுக்குன்னு சொல்லி வரவழைக்கறதே உங்க வீட்டம்மாதான், சாருக்கு மட்டும் தெரிய வாணாம், தெரிஞ்சா நடக்கறத நிறுத்திடுவாருன்னாங்க."