மேலும் பார்க்க: படிக்கட்டு

எழுதுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. படிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில், சொந்தமாக ஒரு வரி எழுதாமலும், அடுத்தவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட முழுதாகப் படிக்காமலும், உலகத்திலுள்ள எல்லா வரிகளையும் ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. சீர்செய்வோர் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது, உடனே வெளியேறவும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் நின்று, தேதி ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று கேட்பார்.

முன்பெல்லாம் இந்த இனத்துக்குப் போதிய தீனி கிடையாது. சங்கத்துக் கூட்டக் குறிப்பு, ஆண்டு மலர், லாண்டரிக் கடைப் பெயர்ப்பலகை என்று கண்ணில் பட்டதை மேய்ந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு விக்கி வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றார்கள். மற்றவர்கள் காதில் முதல் பாதி விழுந்தது. இவர்கள் காதில் இரண்டாம் பாதி மட்டும் விழுந்தது.

மாதிரிக்கு அரைப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் வைத்த பெயர் வேறு. இது குடியிருப்பில் வைத்த பெயர். எதற்கும் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவர் என்பது காரணம். நான்கு மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடி. பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வருகிற விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, ஓய்வாக உட்கார்ந்து, அதையே செய்வார்.

குடியிருப்புக்கு விக்கி ஆரம்பித்தவர் மூன்றாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் தம்பி. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, குப்பை வண்டி எந்தப் பக்கம் வரும், எந்தச் சுவரில் ஆணி அடித்தால் எந்த வீட்டில் கரண்ட் போகும் என்று ஆளாளுக்கு அவரையே கேட்டுக் குடைந்ததால், தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதிவையுங்கள் என்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார். ஜனங்களும் மனம்போல எழுதினார்கள். ‘மோட்டார் கர்ர்னு கத்தினா ஓடிப்போய் ஆஃப் பண்ணுங்க.’ ‘குப்பை வண்டி வரும்னு நம்பி நிக்காதீங்க, மணி கேட்டப்புறம் இறங்கினா போதும்.’ பார்க்க அலங்கோலமாக இருந்தது. எல்லோரும் படித்தார்கள்.

இதை அரைப்புள்ளியால் பொறுத்துக்கொள்ள முடியுமா? நடைக்கையேடு ஒன்று எழுதினார். கட்டுரை என்றால் வரையறையில் தொடங்க வேண்டும். பிறகு வரலாறு, பிறகு பாகங்கள், பிறகு வகைகள், பிறகு பயன்கள், இந்த வரிசை எக்காரணம் கொண்டும் மாறக்கூடாது. வாசகரை ‘நீங்கள்’ என்று கூப்பிடக்கூடாது. ஆறுதல், பயமுறுத்தல், அக்கறை ஆகிய மூன்றும் கூடாது. எழுதியவரின் வீடு, எழுதியவரின் அபிப்பிராயம், எழுதியவரின் மாமியார் ஆகியவை இடம்பெறக்கூடாது. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது. விக்கியிலுள்ள கட்டுரைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் அந்தக் கையேட்டின் பாதிக்கு வராது.

யாராவது முணுமுணுத்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

“இதை நான் சொல்லலை சார். கையேடு சொல்லுது.”

“கையேட்டை எழுதினது யாரு?”

“எழுதப்பட்டிருக்கு.”

கொள்கையில் அவர் ஊருக்கு உபதேசம் செய்கிற ரகம் இல்லை, வீட்டிலிருந்தே ஆரம்பித்தவர். சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கியிருந்தார். சர்க்கரைக்குப் பக்கத்தில் சலவைத்தூள் வந்தது. அவர் மனைவி அதை எடுத்து வேறு இடத்தில் வைப்பதும், அவர் பழைய இடத்துக்குத் திருப்புவதுமாக ஒரு வருஷம் ஓடியது. அண்டை வீட்டாரின் எண்கள் எல்லாம் விக்கியில் ‘தொலைபேசி எண்கள்’ பக்கத்தில் ஏறியதும், தன் போனில் இருந்ததை எல்லாம் அழித்தார். ஒரே தகவல் எதற்கு இரண்டு இடத்தில்? பிறகு அந்தப் பக்கத்தையே, திருத்தி முடியும்வரை யார் கண்ணிலும் படாமல் வைக்கிற வரைவுக் கிடங்குக்கு அனுப்பினார். சிலர் எண்ணை இடைவெளி விட்டு எழுதியிருந்தார்கள், சிலர் விடாமல் எழுதியிருந்தார்கள். கிடங்கிலிருந்து ஒரு பக்கத்தை வெளியே எடுக்க நிர்வாகிகள் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் இவர், இன்னொருவர் கம்ப்யூட்டர் தம்பி. தம்பி வேலை மும்முரத்தில் அந்தப் பக்கமே வருவதில்லை. எண்கள் கிடங்கில் பத்திரமாக இருந்தன.

இரண்டாம் மாடியில், லிப்டை ஒட்டிய வீட்டில், ஒரு நர்ஸம்மா இருக்கிறார். ராத்திரி டியூட்டி, பகலெல்லாம் வீடு. அதனால் லிப்ட் கதவைத் திறக்கும் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் விக்கியில் எழுதியது ஒரே ஒரு பக்கம். அதற்கு ‘லிப்டில் மாட்டிக்கிட்டா’ என்று தலைப்பு. ஒரு நாள் மாடிப்படியில் அரைப்புள்ளியை மறித்தார்.

“சார், என் லிப்ட் பக்கத்தைக் காணோம்.”

“காணாமப் போகலைங்க. மின்தூக்கின்னு பேர் மாற்றப்பட்டிருக்கு.”

“சரி, பேர் போகட்டும். உள்ளே எழுதினதையும் காணோமே? முதல் வார்த்தையே ‘பயப்படாதீங்க’ன்னு போட்டிருந்தேன்.”

“அது அக்கறை. அக்கறை நம்ம நடைக்கு ஒத்து வராது. தவிர, படிக்கிறவர் பயப்படறார்ங்கிறதுக்கு ஆதாரம் தரலை நீங்க.”

“உள்ளே மாட்டினவன் பயப்படாம பாட்டா பாடுவான்?”

“அதுக்கும் ஆதாரம் வேணும்.”

நர்ஸம்மா பழையபடி மாற்றினார். இவர் திருப்பினார். மறுபடி மாற்றினார். மறுபடி திருப்பினார். ஒரு கட்டத்தில் அந்தம்மா, எத்தனையோ பிடிவாதக்கார நோயாளிகளைப் பார்த்தவர், கையை உதறிவிட்டுப் போனார். ஒன்றை மட்டும் விடவில்லை: அந்தப் பக்கத்தில் யார் கை வைத்தாலும் தன் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தார். அது தினமும் அடித்தது. அரைப்புள்ளி கோட்டின் தடிமனை மாற்றினார், தலைப்பின் நிறத்தை மாற்றினார், ஒரு படத்தை வலப்பக்கம் தள்ளினார் என்று தினமும் ஒரு செய்தி. படிக்க மட்டும் அவர் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. படிப்பது அவர் துறை இல்லை.

இப்படியே போயிருக்கும். நடுவில் கேக் வந்தது.

அரைப்புள்ளியின் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். அதுவரை எல்லாம் குழந்தைகள் பிறந்தநாளுக்கான சின்னக் கேக்குகள். இப்போது முதல் முறையாக ஒரு கல்யாண வரவேற்புக்கு, மூன்று அடுக்கு, மேலே கிரீமில் செய்த பூக்கள். மண்டபத்து மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: இது ஒழுங்காக வந்து சேர்ந்தால் இனி மண்டபத்துக் கேக் எல்லாம் உங்களிடம்தான், சேராவிட்டால், வேறு ஆள் இருக்கிறார். அந்தம்மா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கீழே வேன் காத்திருந்தது. கேக்கை அட்டைத் தட்டோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, போனை எடுக்கக் கை இல்லாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு, கணவரை முன்னால் விட்டு லிப்டில் ஏறினார்.

மூன்றாம் மாடியைத் தாண்டி, இரண்டாம் மாடி வருவதற்குள் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மின்விசிறியும் நின்றது. மேல் அடுக்கில் ஒரு பூ மெதுவாகத் தலை சாய்ந்தது.

“மணியை அடிங்க.”

அடித்தார். அது எப்போதோ பழுது. மணி பழுதானதைப் பற்றி விக்கியில் நல்ல கட்டுரை ஒன்று உண்டு.

“யாராவது இருக்கீங்களா?” என்று மனைவி கத்திப் பார்த்தார். பதில் இல்லை.

“யாருக்காவது போன் போடுங்க.”

“நம்பர் எல்லாம் விக்கியில இருக்கு.”

“பாருங்க.”

பார்த்தார். ‘இப்பக்கம் சீரமைப்பில் உள்ளது’ என்று வந்தது. வாசகம் நடுவில் அழகாக அமைந்திருந்தது.

“அதை வெளியே எடுக்க அந்தத் தம்பி சம்மதம் வேணும்,” என்றார்.

“தம்பிக்கு அடிங்க.”

“தம்பி நம்பரும் அதுக்குள்ளதான் இருக்கு.”

பெட்டிக்குள் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. நடு அடுக்கின் ஓரத்தில் கிரீம் வியர்க்க ஆரம்பித்தது.

“லிப்டுல மாட்டினா என்ன பண்ணணும்னு ஒரு பக்கம் உண்டே. அதையாவது எடுங்க.”

லிப்ட் என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. மின்தூக்கி என்று தேடினார். வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கத்தைப் படித்தார், அதுவும் சத்தம் போட்டு.

“மின்தூக்கி என்பது மனிதர்களையும் பொருட்களையும் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குக் கொண்டுசெல்லும் இயந்திரமாகும்.”

“கொண்டுசெல்லுமா?”

“பொதுவா சொல்லியிருக்கு.”

“கீழே போங்க.”

கீழே போனார். வரலாறு. கப்பிக் காலத்தில் தொடங்கியது. பாகங்கள்: கம்பி, எதிர்எடை, கதவு. வகைகள்: ஆள் ஏற்றுவது, சரக்கு ஏற்றுவது. பயன்கள்: முதியோருக்கும் கனமான பொருள் எடுத்துச் செல்வோருக்கும் ஏற்றது. ஒவ்வொரு தலைப்புக்கும் அடியில் கோடு ஒரே தடிமனில் ஓடியது. இவ்வளவு நேர்த்தியான பக்கம் அந்த விக்கியிலேயே வேறு இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது.

“என்ன போட்டிருக்கு?”

“மேலும் பார்க்க, படிக்கட்டு.”

மனைவி கேக்கைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். பிறகு கேக்கையே பார்த்தார்; அதுவே ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

“இதுல அந்த நர்ஸ் அக்கா முதல்ல எழுதினது என்னங்க? அது இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?”

விக்கியில் எதுவும் தூக்கிப் போடப்படுவதில்லை. பழையது எல்லாம் அடியில் கிடக்கும். திருத்த வரலாற்றைத் திறந்தார். அவர் பெயர், அவர் பெயர், அவர் பெயர் என்று விரல் வலிக்கும்வரை தள்ளிக்கொண்டே போனால் அடியில் நர்ஸம்மா இருந்தார்.

‘பயப்படாதீங்க. கதவை நெம்பாதீங்க. இரண்டாம் மாடியில் லிப்டை ஒட்டின வீடு என்னுடையது, சாவி என்கிட்ட இருக்கு. என்னைக் கூப்பிட்டுக் கத்துங்க, சுவரைத் தட்டுங்க, வந்துடறேன். காதுல பாட்டு மாட்டியிருந்தா கேக்காது, விடாம தட்டுங்க.’

அரைப்புள்ளிக்கு இதில் ஏழு விதிமீறல்கள் ஒரே பார்வையில் தெரிந்தன. எட்டாவதாக, இதில் தேவையில்லாத வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதும் தெரிந்தது. அது அவருக்குப் புதிதாக இருந்தது.

“நர்ஸ் அக்கா!” என்று மனைவி கத்தினார். “நீங்களும் கத்துங்களேன். கை சும்மாத்தானே இருக்கு, தட்டுங்க.”

தட்டினார். கத்த வாயைத் திறந்தார். என்னவென்று கத்துவது? அக்கறை கூடாது என்று யாரிடம் சொன்னோமோ அவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஒரு தட்டு, ஒரு செருமல், அவ்வளவுதான் வந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நர்ஸம்மா காதில் பாட்டு மாட்டியிருக்க வேண்டும். மேல் அடுக்கு வேன் நின்ற திசையில் சாயத் தொடங்கியிருந்தது.

“ஏங்க,” என்றார் மனைவி. குரல் உடைந்திருந்தது. “இந்தக் கேக் போயிடும்ங்க.”

அரைப்புள்ளி போனைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். பழைய பக்கத்துக்குக் கீழே இருந்த ‘மீட்டமை’ பொத்தானை அழுத்தினார். இதுநாள்வரை மற்றவர்கள் பயன்படுத்தினால் அவருக்கு ரத்தக் கொதிப்பு வரும் பொத்தான் அது.

சுவருக்கு அந்தப் பக்கம், பாட்டுக்கு நடுவில் நர்ஸம்மா காதில் மணி அடித்திருக்கிறது. எடுத்துப் பார்த்திருக்கிறார். அரைப்புள்ளி மறுபடி கை வைத்திருக்கிறார். வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்திருக்கிறார். தன் வரிகள், தன் எழுத்தில், தன் ‘பயப்படாதீங்க’வோடு அப்படியே இருந்தன. மாற்றியவர் பெயரை இன்னொரு முறை பார்த்திருக்கிறார். இந்த மனிதர் இந்தக் காரியத்தைச் செய்வதற்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு.

சுவரில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

“சார், உள்ளேயா இருக்கீங்க?”

“ஆமாங்க.”

“பயமா இருக்கா?”

மனைவி அவரைப் பார்த்தார். கேக்கும் பார்த்தது.

“இருக்குங்க,” என்றார் அரைப்புள்ளி.

“ஆதாரம் கிடைச்சாச்சு. தள்ளி நில்லுங்க, கதவைத் திறக்கறேன்.”

கதவு திறந்தபோது இரண்டாம் மாடித் தரை இடுப்பளவு கீழே இருந்தது. முதலில் கேக் இறங்கியது, பிறகு மனைவி, கடைசியில் அவர். மீதி இரண்டு மாடியும் படிக்கட்டு. மண்டபத்தில் மனைவி ஒரு கரண்டியை வைத்துச் சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தி, விழுந்த பூவை எடுத்து நடுவில் குத்தி, கெட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேனேஜர் அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டார். மறுநாள் சலவைத்தூள் குளியலறைக்குப் போனது. அது அங்கேயே இருக்கிறது.

லிப்ட் பக்கமும் நர்ஸம்மா எழுதியபடியே இருக்கிறது. அரைப்புள்ளி திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ‘பயப்படாதீங்க’ என்ற சொல்லுக்குத் தலையில் பொடி எழுத்தில் ஓர் எண் போட்டு, பக்கத்தின் அடியில் சேர்த்திருக்கிறார்: ‘ஆதாரம்: நான்காம் மாடி, நேரடி அனுபவம்.’

போகட்டும். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். மனைவியும் கேக்கும் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்தபோது, ஒரு இடத்தில் லிப்ட் என்றும் இன்னொரு இடத்தில் மின்தூக்கி என்றும் வருகிறதே, ஒரே சீராக இல்லையே என்று உங்களுக்கு லேசாக உறுத்தியதா? கேக் என்ன ஆகுமோ என்ற கவலைக்கு முன்னாலேயே உறுத்தியதா?

அப்படியானால் நீங்கள் படிக்கட்டிலேயே போய்விடுங்கள்.