ஊர் சுற்றிய எண்ணெய் டிரம்கள்

விருந்தாளி வருகிறார் என்றால் புழங்குகிற பொருளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற குடும்பம் எங்களுடையது. அந்தப் பழக்கத்தை ஒரு தொழிற்சாலைக்கே கொண்டுபோனவன் நான்.

அக்காவின் கணவர், என் மாமா, கிள்ளான் பக்கத்து ஊரான மேருவில் முறுக்குத் தொழிற்சாலை நடத்துகிறார். பொரித்து முடித்த எண்ணெயில் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகாது. டிரம்மில் சேர்த்து, பயோடீசல் தயாரிப்பவர்களுக்கு விற்றுவிடுவார். (அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.) சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஆலையிடம் மட்டுமே முறுக்கு வாங்குவோம் என்ற வெளிநாட்டு சூப்பர்மார்க்கெட் ஒன்று, எங்களைப் பார்வையிட ஒரு பெண் அதிகாரியை அனுப்பியது. எங்களைவிடப் பெரிய ஆலைகள் போட்டியில் இருந்தன. ஆர்டர் கிடைத்தால், மூடிக் கிடக்கும் இரண்டாவது அடுப்பு வரிசையைத் திறக்கலாம்.

வரவேற்பு என் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கிய பச்சைச் சட்டையோடு அன்று காலை ஏழு மணிக்கே ஆலைக்கு ஓடி வந்தேன். வாசலில் எட்டு பிளாஸ்டிக் செடிகள் வைத்தேன். பின்பக்கம் பிசுபிசுத்து நின்ற பதினொரு டிரம் கண்ணை உறுத்தியது. லோரி ஓட்டும் சேகர் அண்ணனிடம் அவற்றை ஏற்றிக்கொண்டு, நான் கூப்பிடும்வரை எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னேன்.

அதிகாரி ஒரு பிளாஸ்டிக் இலையை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு, பழைய எண்ணெய் எங்கே என்று கேட்டார். மாமா பெருமையோடு பின்கதவைத் திறந்தார். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை. அதன் நடுவே சாக்கடை மூடி. வேறொன்றும் இல்லை.

"டிரம் எங்கடா?"

"லோரில மாமா."

"லோரி எங்க?"

"சுத்திக்கிட்டு இருக்கு மாமா."

அதிகாரி எதையோ எழுதினார். நான் போனை எடுத்தேன்.

"நீங்கதானே தம்பி சுத்தச் சொன்னீங்க? பண்டமாரான் தாண்டிட்டேன் லா," என்றார் சேகர் அண்ணன்.

நெரிசலில் லோரி திரும்பி வர ஒன்றரை மணி நேரம். மாமா தட்டுத் தட்டாக முறுக்கை நீட்டினார். நான் செடிகளை ஒவ்வொன்றாக ஒளித்தேன். லோரி வந்ததும் அதிகாரி தானே மேலே ஏறி, டிரம் மூடிகளைத் திறந்து பார்த்தார். எண்ணெய் விற்ற ரசீதுகளையும் கேட்டு வாங்கினார். இறங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஆர்டர் எங்களுக்கே. பெரிய ஆலைகள் எதுவும் எண்ணெய் எங்கே போகிறது என்று காட்டவில்லையாம். எங்கள் அறிக்கையில் ஒரே ஒரு குறை: லோரி வீணாக எரித்த டீசல்.

பிறகு கிள்ளானில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளையிடம் குறை ஏதும் உண்டா என்று பெண்ணின் அப்பா மரியாதையாக விசாரித்தார்.

"இருக்குங்க," என்றார் மாமா. "எல்லாத்தையும் லோரில ஏத்தி அனுப்பிட்டான். சுத்திக்கிட்டு இருக்கு."

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருப்பதாக இப்போது என் மனைவி சொல்கிறாள்.