சேறு தேடிய கொக்கியார்

ஆபத்தைக் கண்டு நடுங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆபத்தாவது ஒன்றாவது என்று மார்தட்டுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஓர் இனம் உண்டு. ஆபத்துக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொன்ன விருந்தாளியை இன்னும் காணோமே என்பதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் இனம். இவர்கள் இல்லாத தெரு கிடையாது. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஒரு பல் டாக்டர். தெரு அவருக்கு வைத்த பெயர் கொக்கியார்.

கொக்கியாராக ஆவதற்கு முன்னால் அவர் வெறும் டாக்டராகத்தான் இருந்தார். அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. காடு, மலை, ஆறு எதிலும் ஏறி இறங்கும் என்று சொல்லி விற்ற வண்டி. அதில் அவர் காலையில் கிளினிக்குக்குப் போவார், மாலையில் வீட்டுக்கு வருவார். வழியில் இருந்த ஒரே மலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த வேகத்தடை. இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், மெக்கானிக் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், முன்னாடி பம்பருக்குக் கீழ ரெண்டு வளையம் இருக்கே, அது எதுக்குன்னு நினைக்கிறீங்க?"

"வண்டி மாட்டிக்கிட்டா கயிறு கட்டி இழுக்க."

"அதான் இல்ல. புது வண்டிய லாரியில ஏத்திட்டு வரும்போது ஆடாம கட்டி வைக்க. சேத்துல சிக்கின வண்டிய அதுல கட்டி இழுத்தா, வளையம் பிச்சுக்கிட்டுப் பறக்கும். எதிர்ல நிக்கிறவன் கதி அவ்வளவுதான்."

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷம் எவ்வளவு பெரிய ஆபத்தோடு அந்த வேகத்தடையைத் தாண்டியிருக்கிறோம்! உடனே ஏற்பாடு நடந்தது. பம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொம்மை வளையம் இல்லை. வண்டியின் முதுகெலும்பான சேசிஸிலேயே கனத்த போல்டுகள் போட்டு இறுக்கிய, வண்டியின் எடையைப்போலப் பல மடங்கு தாங்கும், சிவப்பு வர்ணம் பூசிய இரண்டு கொக்கிகள். அதுவரை நடந்ததில் ஒரு தப்பும் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். மாட்டுகிற வரை அது பாதுகாப்பு. மாட்டிய மறுநாள் அது ஏக்கம்.

கொக்கி இருந்தால் போதுமா? அதில் கட்ட அகலமான பட்டை வேண்டாமா? பட்டை அறுந்தால் துள்ளிக் குதிக்காமல் அமுக்கிப் போட மேலே விரிக்கும் கனத்த போர்வை வேண்டாமா? மண்வெட்டி? கையுறை? ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து வண்டியின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டன. கடைக்குப் போய்விட்டு வரும்போது காய்கறிப் பையை மனைவி மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

இந்த இனத்துக்குக் கேட்க ஆள் வேண்டும். பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை டாக்டர் கையைப் பிடித்து இழுத்துப்போய் வண்டிக்கு முன்னால் குந்தவைத்தார்.

"உங்க வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா கயித்தை எங்க கட்டுவீங்க?"

"எங்கிட்ட வண்டியே இல்லையே சார்."

"சரி, இருந்தா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் சொந்தமாகப் பேப்பர் வாங்குகிறார்கள். தெருவே மெல்ல மெல்ல எதிர்ப்புறமாக நடக்கப் பழகிக்கொண்டது. ஆனால் டாக்டர் அசரவில்லை. வேறு யாருக்கும் கிடைக்காத வசதி அவருக்கு இருந்ததே! அவருடைய நோயாளிகள் எழுந்து ஓட முடியாது. எதிர்த்துப் பேசவும் முடியாது. வாய் நிறையப் பஞ்சையும் குழாயையும் அடைத்துவிட்டு, பல்லைக் குடைந்துகொண்டே அவர் பாடத்தை ஆரம்பிப்பார்.

"முன்னால ரெண்டு கொக்கி போட்டிருக்கேன். ஏன் ரெண்டு? சொல்லுங்க பாப்போம்."

"ஆ."

"கரெக்ட்! பாரம் ரெண்டு பக்கமும் சமமாப் பிரியணும். இழுக்கும்போது பக்கத்துல யாராவது நிக்கலாமா?"

"ஆ... ஆ!"

"நிக்கவே கூடாது. எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கறீங்க!"

இவ்வளவு இருந்தும் ஒரே ஒரு குறை. வண்டி எங்கேயும் சிக்கவில்லை. மழை பெய்தால் ஊரே ஜன்னலைச் சாத்தும்போது டாக்டர் சாவியைத் தேடுவார். விளையாட்டு மைதானத்துக் குட்டையில் இறக்கினார், ஏறி வந்துவிட்டது. கட்டடம் கட்டுகிற இடத்தில், லாரியே தயங்கி நின்ற களிமண்ணில் விட்டார், வெண்ணெயில் கத்திபோல் போய்த் திரும்பிவிட்டது. நல்ல வண்டி. அதுதான் அதனிடம் இருந்த ஒரே கோளாறு.

"என்னங்க, முகம் ஏன் இப்படித் தொங்குது? ஏதாவது ஆயிடுச்சா?" என்பாள் மனைவி.

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் என்ன?"

"அதைத்தாம்மா சொல்றேன். ஒண்ணுமே ஆகல."

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியை பதவி காலியாகி, அவளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. பல வருஷமாக அவள் வாய்விட்டுச் சொல்லாமல் ஆசைப்பட்டிருந்த நாற்காலி அது. பஸ்ஸில் போகிறேன் என்றவளிடம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

"தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன்."

"சரி."

நல்ல மனிதர், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பார். முந்தின ராத்திரி அடித்த மழையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. வரிசையாக நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்த மரத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்த்து முகம் மலர்ந்த ஒரே மனிதர் நம் டாக்டர். வாய்க்கால் கரையோரம் ஒரு மண்பாதை போயிற்று. முன்னால் ஒரு ரொட்டி வண்டி அதில் இறங்கி, வலது ஓரமாகவே உருண்டு, அந்தப் பக்கம் சுகமாக ஏறிப்போய்விட்டது.

"வலது பக்கம் காஞ்சிருக்கே. நீங்க ஏன் இடது பக்கம் போறீங்க?"

"சும்மா, எப்படி இருக்குன்னு பாக்கலாம்..."

பார்த்துவிட்டார். பாதைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் ஜீப் மூக்குக் குப்புறப் பாய்ந்து, முன்விளக்குகள் வரை சேற்றில் புதைந்து, பின்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர், சொல்லவே வாய் கூசுகிறது, சிரித்தார். கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் அதிர்ஷ்டம் பாருங்கள், பின்னாலேயே ஒரு டிராக்டர் வந்தது. அதை ஓட்டி வந்தவர் குதித்து இறங்கினார்.

"அட, நம்ம டாக்டர்! என் கடவாப் பல்லைப் பிடுங்கினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. இந்தாங்க பட்டை. கொக்கியில மாட்டுங்க."

டிராக்டர்காரர் ஜீப்பைச் சுற்றிவந்தார். "கொக்கி எங்க டாக்டர்?"

"முன்னால."

"முன்னால சேறுதானே இருக்கு."

"அதுக்குள்ள இருக்கு."

"பின்னால?"

டாக்டர் மாட்டியிருந்த கையுறையை மெல்லக் கழற்றினார். டிராக்டர்காரர் முகத்தில் வருத்தமும் சந்தோஷமுமாக ஏதோ ஓடியது.

"அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன் டாக்டர். முன்னால போய்ச் சிக்கினா பின்னாலதானே இழுக்கணும், அப்ப பின்னால ஏன் மாட்டலன்னு. எங்க? வாய் நிறையப் பஞ்சு வெச்சிருந்தீங்க. 'ஆ'ன்னு கேட்டேன், கரெக்ட்டுன்னுட்டீங்க."

ஸ்டெப்னி மாட்டியிருக்கும் கம்பியில் கட்டி இழுக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு டாக்டர் அலறினார். அது பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியான விஷயத்தைச் சேற்றில் முழங்கால் அளவு நின்றுகொண்டு சொல்லும்போது கேட்க ஒருமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மனைவி சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாதையில் ஏறி நின்றாள். "அண்ணே, என்னை அந்த ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோய் விட முடியுமா?"

"தாராளமா விடலாம்மா." டிராக்டர்காரர் வாய்க்காலைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் ஆசை வந்துவிட்டது. "இல்லன்னா டாக்டர், நீங்க கொக்கியைத் தோண்டி எடுங்க. நான் பாலம் வழியா சுத்தி எதிர்க்கரைக்குப் போயிடறேன். பட்டையைத் தூக்கிப் போட்டீங்கன்னா, வாய்க்காலுக்குக் குறுக்கால முன்னாலயே இழுத்துடலாம். எதை மொதல்ல செய்யணும், சொல்லுங்க."

முன்னாலேயே. இரண்டு கொக்கியிலும் பாரம் சமமாகப் பிரிய, போர்வை விரித்து, எல்லாரும் தள்ளி நிற்க. டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. பதில் சொல்ல அவருக்கு ஒரு விநாடிதான் ஆயிற்று. அந்த ஒரு விநாடியை மனைவி பார்த்துவிட்டாள்.

"அவளைக் கொண்டுபோய் விட்டுடுங்க," என்றார்.

"வேண்டாம், நல்லா யோசிச்சுட்டே சொல்லுங்க," என்றாள் அவள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டிராக்டர் சக்கரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வுக்குழுவினர், புடவை விளிம்பில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே, இக்கட்டான நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். "வண்டியை விட்டு இறங்கிடுவேன்" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவள் தினமும் பஸ்ஸில் போகிறாள். கொண்டுபோய் விடட்டுமா என்று டாக்டர் தினமும் கேட்கிறார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது; கிளினிக்கில் கொஞ்ச நாள் பல்லைப் பற்றி மட்டுமே பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, கிரேன் வந்து தூக்கிக் கொடுத்த ஜீப்புக்கு, மெக்கானிக்கிடம் சொல்லிப் பின்பக்கமும் இரண்டு கொக்கிகள் மாட்டிக்கொண்டார். இப்போது வானத்தைப் பார்க்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஜீப்பும் இல்லை, கொக்கியும் இல்லை. நல்லது. ஆனால் புதிதாக ஒரு டார்ச் வாங்கி, ஊர் முழுக்க வெளிச்சம் காட்டும் என்று வீட்டில் சொல்லி, தலைமாட்டில் வைத்திருந்தீர்களே? அன்றைக்குக் கரண்ட் போனதும் துள்ளி எழுந்து அதைக் கையில் எடுத்தீர்கள். பொத்தானை அழுத்துவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அப்போது உங்கள் வாயிலிருந்து "சே!" என்று ஒரு சத்தம் வந்ததே, பக்கத்தில் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டாரா என்று எதற்கும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.