இடது இறக்கையின் ஐந்தாம் தகடு

ஒஸ்வால்ட் தன் ஆகாயவிமானத்தின் இடது இறக்கையில் ஏறி நின்றது, அது எவ்வளவு உறுதியானது என்று சூசைதாசனுக்குக் காட்டத்தான். தகடு ஒரு விநாடி அவர் சொன்னதை ஆமோதித்தது. பிறகு ‘டொக்’ என்றது. ஒன்றரை அந்தர் நிறையுள்ள மனிதரின் குதிக்கால் எப்படியிருக்கும் என்பதை அலுமினியம் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டது.

எதிர்வீட்டுச் சூசைதாசன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். விழக்கூடாதவை விழுவதைப் பார்த்துப் பழகியவர். நிதானமாகக் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

“இறங்கு மச்சான்,” என்றார். “காட்டினது காணும்.”

இது நடந்தது அறுபத்தாறாம் ஆண்டு, ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்வளவுக் கொட்டிலில் ஒற்றை ஆள் பறக்கும் விமானம் ஒன்று ஏழு வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது. துறைமுக வேலைத்தலத்தில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்த ஒஸ்வால்ட், வரைபடங்களை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்து, மிச்சத்தைத் தன் கையால் செய்திருந்தார். கோயில் வாசலில் எல்லாரும் “எப்ப பறக்குது?” என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் ஆசையாகக் கேட்டார்கள். இப்போது சுகம் விசாரிப்பதுபோலக் கேட்டார்கள்.

பறக்க ஒரு கையெழுத்து வேண்டும். அதை வைக்க வேண்டியவர் அரசாங்கப் பரிசோதகர் அலவி. அவர் இரண்டு தடவை வந்துபோய்விட்டார். இரண்டு தடவையும் ஒரே கதை. இருபத்துநான்கு தகடுகளையும் சுற்றிப் பார்ப்பார். கடைசியில் இடது இறக்கையின் ஐந்தாம் தகட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் றிவெற் ஆணி வரிசையின்மேல் விரலை ஓட்டுவார்.

“இது யார் செஞ்சது?”

“நான்தான் சேர்.”

“நீங்களா?”

“நானேதான் சேர்.”

அலவி ‘ம்’ என்று சொல்லிப் பைலை மூடிவிடுவார்.

இதற்கு ஒஸ்வால்ட் கண்டுபிடித்த விளக்கம் இது: ஐந்தாம் தகடு அவ்வளவு அழகு. அறுபத்திரண்டு றிவெற்றும் அச்சடித்ததுபோல ஒரே கோட்டில் நிற்கும். இப்படிச் செய்யத் தெரிந்தவன் மற்ற இருபத்துமூன்றையும் ஏன் இப்படிச் செய்தான் என்று மனிதர் மனம் நொந்துபோகிறார். தான் அதை எப்படிச் செய்தோம் என்று ஒஸ்வால்ட்டுக்கே ஞாபகம் இல்லை. வேலையில் தன்னை மறப்பது கலைஞனின் இயல்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இப்போது அந்தத் தகட்டில்தான் குதிக்கால். வருகிற சனிக்கிழமை அலவி மூன்றாம் தடவை வருகிறார். அன்றும் திருப்தி இல்லையென்றால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்று கடிதம் வந்திருந்தது.

அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டி மறைத்துவிடலாம் என்றார் சூசைதாசன். அலவி முஸ்லிம் ஆள், படத்தைத் தூக்கிப் பார்க்க மாட்டார் என்பது அவருடைய கணக்கு. ஒஸ்வால்ட் கேட்கவில்லை. தகட்டை மாற்றுவது என்று முடிவெடுத்தார்.

தகடு மாற்றுவது பெரிய வேலையில்லை. பழைய றிவெற்றுகளைத் துளைத்து எடுத்தால் தகடு கழன்று வரும். தொல்லை அதற்குப் பிறகுதான். இறக்கைக்குள் விலா எலும்புபோல நிற்கும் சட்டங்களில் அறுபத்திரண்டு ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதுத் தகட்டை மேலே வைத்தவுடன் அவ்வளவும் மறைந்துவிடும். மறைந்த ஓட்டைக்கு நேர் மேலே ஓட்டை போட வேண்டும். மயிரிழை விலகினாலும் றிவெற் இறங்காது.

திங்கட்கிழமை பின்னேரம் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஷிப்லியிடம் புதுத் தகடு வாங்கிவந்தார். பழையதை அதன்மேல் வைத்து, பழைய ஓட்டை வழியாகவே துளைத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பழையது குதிக்கால் பட்டு வளைந்திருந்தது. மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினார். தட்டத் தட்ட அலுமினியம் ரொட்டிமாபோல விரியும் என்பது இருபது வருடம் பிட்டராக இருந்தவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை அவசரத்தில் மறப்பதற்கும் அனுபவம் வேண்டும். புதுத் தகட்டில் முதல் பத்து ஓட்டை சரியாக வந்தது. இருபதாவது கொஞ்சம் தள்ளி வந்தது. அறுபத்திரண்டாவது சட்டத்தைத் தாண்டியே போய்விட்டது.

கொட்டிலின் மறு மூலையில் அவர் மனைவி மெற்றில்டா, கோயிலில் புதுநன்மை எடுக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன்கள் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். வந்து தகட்டைப் பார்த்தாள். ஊசிகளை எடுத்துவிட்டு, தையலுக்கு அளவு வெட்டும் தாளைக் காட்டி, “பற்றன் பேப்பர் தரட்டா?” என்று கேட்டாள். “நான் ஒருக்கா வைச்சுப் பார்க்கட்டா?”

“இது கவுன் இல்லை மெற்றில்டா.”

அவள் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது புதுத் தகடு, சூசைதாசனின் யோசனை. வேலைத்தலத்தில் பொருத்துப் பார்ப்பதற்குப் பூசும் நீலப் பசையைச் சட்டங்களில் பூசி, தகட்டை அமத்தி எடுத்தால் ஓட்டை இருக்கிற இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். நல்ல யோசனைதான். அமத்திப் பிடித்திருக்கும்போது சூசைதாசன் தும்மினார். தகடு நகர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வோர் ஓட்டைக்கும் இரண்டு வட்டம்.

எது சரி என்று இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அதனால் கதைக்கவும் இல்லை. ஒஸ்வால்ட் ஒரு முனையிலிருந்து வலது வட்டத்தில் துளைத்துக்கொண்டு வந்தார். சூசைதாசன் மறுமுனையிலிருந்து இடது வட்டத்தில் துளைத்துக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. அதிர்ச்சியில் ஒஸ்வால்ட் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டது, கொடியில் தொங்கிய வெள்ளைக் கவுன் ஒன்றை. ஐந்து நீல விரலும் அதில் பதிந்தன.

மெற்றில்டா திட்டவில்லை. தேசிக்காய்ப் புளியில் கவுனை ஊறப்போட்டாள். அதுதான் ஒஸ்வால்ட்டுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை ஷிப்லி மூன்றாவது தகட்டைத் தரும்போது கைவிரித்துவிட்டார். இறக்குமதி நின்றுவிட்டதாம். “இதுதான் கடைசி. இனி வேணுமெண்டா கப்பலைத்தான் கேக்கணும்.”

பற்றன் பேப்பர் என்று மெற்றில்டா சொன்னதில் ஏதோ இருப்பதாக அன்றிரவு சாப்பிடும்போது ஒஸ்வால்ட்டுக்குப் பட்டது. ஆனால் கேட்டு வாங்கினால் யோசனை அவளுடையதாகிவிடும். ஆகவே வியாழக்கிழமை பழைய பேப்பரைச் சட்டங்களின்மேல் விரித்து, பென்சிலால் தேய்த்து ஓட்டைகளை எடுத்தார். மழை தூறியது. கூரை ஒழுகியது. ஈரத்தில் பேப்பர் பூரித்து, அரை அங்குலம் வளர்ந்துவிட்டது.

அவர் பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு, பழைய ஐந்தாம் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குதிக்கால் பள்ளத்தைச் சுற்றி அந்த ஓட்டைகள் எறும்பு வரிசைபோல ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. தன் கையையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மெற்றில்டா, இதை நான் அப்ப எப்பிடியப்பா செய்தனான்?”

அவள் தலை நிமிரவில்லை. ஊசிகளுக்கிடையால் பதில் வந்தது. “அப்ப செய்திருப்பீங்கள்.”

“இப்ப ஏன் வருகுதில்லை?”

“வயசு போகுதெல்லே.”

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டார். கடைசித் தகட்டை வைத்து, கீழே படுத்துக்கொண்டு, உள்ளிருந்து டோர்ச் அடித்து, கை எட்டிய ஓட்டைகளைக் குத்துமதிப்பாகவும் எட்டாதவற்றை மாதாவை நம்பியும் துளைத்தார். அறுபத்திரண்டில் நாற்பத்தைந்து பொருந்தியது. மிச்சம் பதினேழையும் பெரிதாக்கி, பெரிய றிவெற் அடித்தார். அப்படிச் செய்வது தப்பில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தகம் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாயும்போது தகடு அம்மை போட்ட முகம்போல ஆகியிருந்தது.

சூசைதாசன் வந்து பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல முயன்றார்.

“மேல போனா ஆருக்குத் தெரியப்போகுது மச்சான்.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலவி வந்தார். மெற்றில்டா கொடுத்த ஜிஞ்சர் பியரைக் குடித்தார். ஒவ்வொரு தகடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் தகட்டடியில் நின்றார். குனிந்தார். விரலை ஓட்டினார். இந்தத் தடவை விரல் ஓடவில்லை, தடுக்கித் தடுக்கி நடந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து ஒவ்வொரு றிவெற்றாக அளந்தார். கையால் அமத்தி, தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

ஒஸ்வால்ட்டுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தானே ஏறி நின்றதையும், நீலத்தையும், தும்மலையும், மழையையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். ஏழு வருட வேலை சேர், கோப்பை மூடிவிடாதீர்கள் என்று கேட்டார்.

அலவி பேனையைத் திறந்தார்.

“றிவெற் புடி நல்லா இரிக்கி. நான் கையெழுத்து வைக்கிறேன்.”

“இந்தத் தகட்டுக்கா சேர்?”

“ஓம்.”

“அந்த நல்ல தகட்டுக்கு வைக்காமல் இதுக்கு வைக்கிறீங்கள். ஏன் சேர்? ஒருத்தராவது எனக்கு நேராய்ச் சொல்லுங்கோவன்.”

அலவி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“மிஸ்டர் ஒஸ்வால்ட், வீட்டில கட்டுற பிளேன் எண்டா, கட்டுற ஆள் தன்ட கையாலயே செஞ்சிரிக்கணும். அதுதான் சட்டம். இருபத்துமூணு தகடு ஒரு கை. அது மட்டும் வேற கை. யாரெண்டு ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் நான்தான் எண்டீங்க. பொய்யில நான் எப்படி ஒப்பம் வைக்கிற? இண்டைக்குத்தான் இருபத்துநாலும் ஒரே ஆள் செஞ்ச மாதிரி இரிக்கி.”

ஏழு வருடமாகக் காத்திருந்த மனிதர் இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். சூசைதாசன் கண்ணைக் காட்டவும் செய்தார். ஆனால் ஒஸ்வால்ட்டின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தன் வாழ்நாளின் ஒரேயொரு நல்ல வேலையை ஒரு அரசாங்க ஊழியர் தன் வீட்டிலேயே நின்று பறிக்கிறார்.

“சேர், கையெழுத்து பிறகு இருக்கட்டும். அந்தத் தகடும் நான்தான் செய்தனான். மாதா மேல சத்தியம் பண்ணவும் தயார்.”

முதல் எழுத்தை எழுதிவிட்டிருந்த பேனை நின்றது. அலவி மெல்ல நிமிர்ந்தார்.

மெற்றில்டா கவுனைக் கீழே வைத்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாகக் குத்தினாள்.

“சத்தியம் பண்ணாதேங்கோ,” என்றாள். “நீங்க குடல்வால் வெட்ட ஆஸ்பத்திரியில கிடந்த நேரம், நான் இஸ்திரிப்பெட்டியை இறக்கையில விழுத்திப்போட்டுப் பயத்தில மாத்தி வைச்ச தகடு அது. பேசாமல் கையெழுத்தை வாங்குங்கோ.”